1963 ஜாகுவார் ஈ-டைப்பும் 2021 ஃபோர்டு எஃப்-150-யும்: எதை எதோடு ஒப்பிடுவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "மிச்சிகனில் இருக்கிறேன். என்னிடம் 2021 ஃபோர்டு எஃப்-150 இருக்கிறது. 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட், ஃபோர் வீல் டிரைவ். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தன்னுடைய 1963 ஜாகுவார் ஈ-டைப் கூபேயை விற்கப்போகிறார். சிக்னலில் என் டிரக்கே அதை முந்திவிடும் என்கிறார்கள். உண்மையா? உண்மை என்றால் அந்தப் பழைய காருக்கு ஏன் அவ்வளவு விலை? டிரக்கை விற்றுவிட்டு அதை வாங்கலாமா?"

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், உங்கள் டிரக் முந்தும். நூலிழையில் இல்லை, நன்றாகவே முந்தும்.

1961 மார்ச்சில் பிரிட்டனின் ஆட்டோகார் பத்திரிகை ஈ-டைப் கூபேயை ஓட்டிப் பார்த்தபோது, நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட 6.9 விநாடி ஆனது. மோட்டார் பத்திரிகைக்குக் கிடைத்த திறந்த காருக்கு 7.1 விநாடி. உங்கள் 400 குதிரைத்திறன் எஃப்-150 அதே வேகத்தை ஐந்து, ஐந்தரை விநாடியில் எட்டிவிடும். ஏசி, சூடேறும் இருக்கை, பெரிய திரை, பின்னால் ஒரு தொட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் எட்டுகிறது. அன்றைக்கு ஐரோப்பாவே வாய்பிளந்து பார்த்த காரை, இன்று மரச்சட்டமும் ஜல்லியும் ஏற்றிப் போகும் வண்டி முந்துகிறது. நான் இருபது வருஷமாக வண்டித் துறையில் இருக்கிறேன். இந்த முன்னேற்றத்தில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் உங்கள் அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும்.

ஈ-டைப்புக்கு 265 குதிரைத்திறன் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அதை உங்கள் 400-க்குப் பக்கத்தில் அப்படியே வைக்கக் கூடாது. 265 என்பது அந்தக் காலத்து 'கிராஸ்' அளவு. எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, விசிறி, டைனமோ, வண்டியில் உள்ள சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த கணக்கு அது. எஞ்சின் வண்டியில் எப்படிப் பொருந்தியிருக்குமோ அப்படியே வைத்து அளக்கும் 'நெட்' முறைக்கு அமெரிக்கக் கம்பெனிகள் மாறியது 1972 வாக்கில்தான். அந்த முறையில் பார்த்தால் ஈ-டைப்புக்கு 210, 220 தேறும், அவ்வளவுதான்.

சரி, இப்போது எடையைப் பார்ப்போம். ஈ-டைப் ஏறத்தாழ 1,220 கிலோ. உங்கள் டிரக் நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ் என்றால் 2,250 கிலோவை ஒட்டி இருக்கும். டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 180-ஐ ஒட்டித்தான் வருகிறது! காகிதக் கணக்கில் இரண்டும் சமம். அப்படியானால் அந்த ஒன்றரை விநாடி எங்கிருந்து வந்தது?

நம் ஊரில் வண்டி சீறிக் கிளம்புவதையே 'பிக்கப்' என்றுதான் சொல்வோம். அந்தப் பிக்கப்பைத் தருவது குதிரைத்திறன் மட்டும் இல்லை. எஞ்சின் எந்தச் சுற்றில் எவ்வளவு முறுக்குகிறது, அந்த முறுக்கைக் கியர் எப்படிச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது, சக்கரம் அதை எவ்வளவு தரையில் இறக்குகிறது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் பிக்கப்.

ஈ-டைப்பில் இருப்பது 3,781 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின். அளவில் உங்கள் எஞ்சினைவிடப் பெரியது. அதன் உச்ச முறுக்குவிசை 353 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றில். உங்கள் எஞ்சின் 678 நியூட்டன் மீட்டரை 3,100 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. காரணம் இரண்டு டர்போக்கள். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகின்றன. ஈ-டைப்பின் மூன்று எஸ்யு கார்புரேட்டர்கள் எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பி இருப்பவை. உறிஞ்சும் விசைக்கு ஏற்ப உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும், அதன் அடியில் உள்ள ஊசி எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும். மிக அழகான ஏற்பாடு. ஆனால் காற்றைத் திணிக்க அதற்குத் தெரியாது.

கியரில் வித்தியாசம் இன்னும் அதிகம். உங்களிடம் பத்து கியர் ஆட்டோமேட்டிக். அது மாறுவது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது, எஞ்சின் எப்போதும் நல்ல சுற்றிலேயே நிற்கும். 3.8 ஈ-டைப்பில் நான்கு கியர், 'மாஸ்' வகை கியர்பாக்ஸ். பற்களின் வேகத்தைச் சமன்செய்து உரசாமல் சேர்க்கும் சின்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. அவசரப்பட்டால் பல்லோடு பல் உரசிக் கத்தும். நண்பர் ஒருவர் நம்பிக் கொடுத்த 3.8 கூபேயை முதன்முதலாக ஓட்டிய அன்று, இரண்டாவது கியருக்குப் போவதற்குள் மனதுக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணக் கற்றுக்கொண்டேன். அப்படிப் பொறுத்துப் போட்டால் வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவதுபோல் விழும். ஆனால் அந்த "ஒன்று, இரண்டு" நேரத்தில் சிக்னலில் உங்கள் டிரக் போயே போய்விட்டிருக்கும்.

அப்புறம் டயர். ஈ-டைப் அந்தக் காலத்து ஒடிசலான கிராஸ்-பிளை (நூலடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்) டயர்களில் வந்தது, சக்தி முழுவதும் பின்சக்கரங்களுக்குத்தான். உங்களுடையது நான்கு அகலமான ரேடியல் டயர்கள், நான்கிலும் இழுவை, சக்கரம் வழுக்கினால் விநாடியில் பலமுறை திருத்தும் கணினி. மழை பெய்த சாலையில் போட்டி வைத்தால் பேசவே வேண்டாம்.

இதே போட்டியை நீளமான காலிச் சாலையில் வைத்தால் கதை மாறும். எஃப்-150-இன் மேல்வேகத்தைக் கணினியே நிறுத்திவிடும், 200 கிலோமீட்டருக்கு வெகு முன்னாலேயே. ஈ-டைப் அதையும் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆட்டோகார் அளந்தது மணிக்கு 150.4 மைல், அதாவது 242 கிலோமீட்டர். பத்திரிகைகளுக்குக் கொடுத்த கார்கள் கொஞ்சம் பார்த்துப் பார்த்துத் தயார் செய்யப்பட்டவை. கடையில் வாங்கிய கார் 140, 145 மைல் போனாலே நல்ல கார். அது பெரிய குறை இல்லை. பிரிட்டனில் 70 மைல் வேகவரம்பு வந்ததே 1965 டிசம்பரில்தான். அதுவரை புதிய எம்1 நெடுஞ்சாலையில் இந்த வேகத்தை ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டே தொட முடிந்தது.

அந்த வேகத்துக்குக் காரணம் உடல்வாகு. ஈ-டைப்பின் அகலம் 1.66 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். உங்கள் டிரக் 2.03-க்கு 1.95. முன்னால் நின்று பார்க்கும் பெட்டிச் சதுரத்தைக் கணக்கிட்டால் ஒன்று இன்னொன்றைப்போல் இரு மடங்கு. காற்றைக் கிழிப்பதில் டிரக் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் அந்த இரு மடங்கை மறைக்க முடியாது. ஈ-டைப்பை வரைந்த மால்கம் சேயர் விமானக் கம்பெனியில் வேலை செய்து வந்தவர். கண்ணுக்கு அழகாக வரைவதைவிட, காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டு வளைவுகளை எழுதியவர். 1955, 56, 57 மூன்று வருஷமும் லெ மான் பந்தயத்தை ஜெயித்த ஜாகுவார் டி-டைப் பந்தயக் கார் அவர் வடிவமைத்தது. ஈ-டைப் அதன் நேர் வாரிசு. நடுவில் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆன தொட்டி போன்ற உடல், முன்னால் எஞ்சினைத் தாங்கச் சதுரக் குழாய்ச் சட்டம், பின்னால் சஸ்பென்ஷன், சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியல் எல்லாம் சேர்ந்த ஒரு கூண்டு. நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், நான்கிலும் டிஸ்க் பிரேக். 1961-இல் ஒரு சாலைக் காரில் இவ்வளவும் சேர்ந்து கிடைப்பது அரிது. விலையோ 2,100 பவுண்டை ஒட்டி. அன்றைய ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 ஏறத்தாழ இதைப்போல் இரு மடங்கு.

ஜெனீவா கார் கண்காட்சியில் அது அறிமுகமான கதையை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுக்காது. ஓட்டிப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததால் ஒரு கார் போதவில்லை. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸை அழைத்து, திறந்த காரையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் கோவன்ட்ரியில் மாலை கிளம்பி, கப்பலேறி, இரவெல்லாம் ஓட்டி மறுநாள் காலை ஜெனீவாவில் போய் நின்றார். 

இரண்டாவது கேள்விக்கு, அதாவது விலைக்கு வருகிறேன். சந்தைக் காரணங்கள் எளிது. 1961 முதல் 1974 வரை எல்லா வகையும் சேர்த்து 72,000-க்கு மேல் செய்தார்கள். அதில் 3.8 வகை பதினைந்தாயிரத்துச் சொச்சம்தான். அதிலும் துருவுக்கும் விபத்துக்கும் தப்பியவை குறைவு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டதும் ஒரு 1963 ஈ-டைப்தான். ஆனால் விலை கொடுப்பவர்கள் எல்லோரும் அருங்காட்சியகத்துக்காகக் கொடுப்பதில்லை. ஓட்டியவர்களுக்கு வேறு காரணம் இருக்கிறது, அது எடை.

எடையைச் சக்தியால் ஈடுகட்டலாம் என்பதுதான் உங்கள் டிரக்கின் வழி. நேர்கோட்டில் அது பலிக்கும். திரும்பும்போதும் நிறுத்தும்போதும் அவ்வளவாகப் பலிக்காது. ஒரே வேகத்தில் இரண்டும் போகும்போது டிரக்கிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஈ-டைப்பைப்போல் 1.8 மடங்கு. பிரேக் போட்டு அதையெல்லாம் வெப்பமாக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்தால் அவ்வளவு எடையும், அதுவும் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் எடை, முதலில் சாய்ந்து, பிறகுதான் திரும்பும். பின்பக்கம் சுமை தாங்கும் பட்டை ஸ்பிரிங்கும் ஒற்றை ஆக்ஸிலும். அவை செங்கல் ஏற்றுவதற்குச் சரியானவை, தனியாளாக வளைவில் போகும்போது துள்ளும். நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். வட்டத்தில் சுற்றவிட்டு டயர் பிடியை மட்டும் அளந்தால், பழைய கிராஸ்-பிளை டயர் போட்ட ஈ-டைப்புக்கும் இன்றைய டிரக்குக்கும் பெரிய இடைவெளி இருக்காது. வித்தியாசம் பிடியின் எல்லையில் இல்லை, அந்த எல்லைக்குப் போகும் வழியில் இருக்கிறது.

ஈ-டைப்பில் உங்கள் இடுப்பு கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு முன்னால், தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்கும். எதிரில் நீண்டு கிடக்கும் பானெட். மெல்லிய மரவளைய ஸ்டியரிங், பவர் ஸ்டியரிங் கிடையாது. சாலையில் ஒரு ஒட்டுப்போட்ட இடம் வந்தால் விரலுக்குத் தெரியும். முன்டயர் பிடியை விடப்போகிறது என்றால் ஸ்டியரிங் லேசாகி, முன்கூட்டியே சொல்லும். 50 மைலில் போகும்போதே உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும். டிரக்கில் கண் உயரத்தில் இருப்பதால் தரை மெதுவாக நகர்வதுபோல் தோன்றும், 80-இல் போவதே தெரியாது. அதற்காகத்தான் அதைச் செய்தார்கள், நீண்ட பயணத்தில் களைப்பு வராமல் இருக்க. அது குறை இல்லை. ஆனால் ஓட்டுவதற்கென்றே ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து கிளம்புகிறார் என்றால், அவருக்கு வேண்டியது 80-ஐ மறைக்கும் வண்டி இல்லை, 50-ஐ முழுசாகக் கொடுக்கும் வண்டி.

இப்போது மூன்றாவது கேள்வி. டிரக்கை விற்றுவிட்டு ஈ-டைப் வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு போடுகிறார்கள். உங்கள் டிரக்கின் உடல் 2015 முதல் அலுமினியம். சட்டம் எஃகுதான், ஆனால் கனமானது. ஈ-டைப்புக்குப் பலமே பக்கவாட்டில், கதவுக்கு அடியில் ஓடும் மெல்லிய பெட்டி வடிவ 'சில்'களில்தான் இருக்கிறது. அவை உள்ளிருந்து துருப்பிடிக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கார் வெளியே வரவே கூடாது. அந்த மாதங்களில் நீங்கள் எதில் வேலைக்குப் போவீர்கள்? கோடையிலும் நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடேறுவது இந்தக் காரின் பழைய பலவீனம். பலர் பெரிய ரேடியேட்டரும் நல்ல விசிறியும் போட்டுக்கொள்கிறார்கள், போடுவதே நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும், அவற்றையும் மாற்ற வேண்டும்.

வேலை செய்வதும் எளிதில்லை. கிளட்ச் தேய்ந்தால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக வெளியே எடுக்க வேண்டும், அதற்கு முன் அந்த நீளமான பானெட்டையே கழற்ற வேண்டும். பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பார்க்கப் பின்பக்கக் கூண்டையே இறக்க வேண்டிவரும். இதெல்லாம் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறாரா என்று கார் வாங்கும் முன்னால் தேடுங்கள், பின்னால் இல்லை.

பெட்ரோலில் டிரக் ஜெயிப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அரசாங்கக் கணக்கில் உங்கள் வண்டி காலனுக்கு 20 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரைக் கிலோமீட்டர். அன்றைய சோதனையில் ஈ-டைப் கொடுத்தது ஆறைக் கொஞ்சம் தாண்டி. எடை பாதி, செலவு அதிகம்.

பாதுகாப்பில் ஒப்பீடே கிடையாது. காற்றுப்பை, ஏபிஎஸ், வழுக்கலைத் திருத்தும் கணினி எதுவும் ஈ-டைப்பில் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் வண்டி அது இல்லை. ஆனால் தெருவில் நடப்பவர் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குள் சரிவான முகம் கொண்ட வண்டிகளைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று வந்தது. உங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடும் தெரு என்றால், டிரக்கை எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு தகவல். இந்த இரண்டு வண்டிகளும் ஒரு காலத்தில் ஒரே குடும்பம். 1989-இல் ஃபோர்டு ஜாகுவாரை வாங்கியது, 2008-இல் டாடாவுக்கு விற்றது. இன்று அந்தப் பெயரின் சொந்தக்காரர் டாடா.

டிரக்கை வைத்துக்கொண்டே, கையைக் கடிக்காமல் ஈ-டைப்பையும் வாங்க முடியும் என்றால், காய்ந்த கராஜும் பொறுமையும் இருந்தால், வாங்குங்கள். நல்ல நிலையில் உள்ள 3.8 லிட்டர் ஈ-டைப்பின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகக்கூடியது, எனவே அவசரம் வேண்டாம். காரை லிஃப்டில் ஏற்றிச் சில்களையும் தரைத்தகட்டையும் தட்டிப் பாருங்கள். முன்னால் உள்ள சதுரக் குழாய்ச் சட்டத்தில் விரிசலோ ஒட்டுவேலையோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழாய்களும் உள்ளிருந்துதான் அரிக்கும், மேலே பெயின்ட் பளபளக்கும். சேஸிஸ் எண், இடதுபக்க ஸ்டியரிங் கூபே என்றால் 885 என்று தொடங்க வேண்டும். ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை அந்தக் கார் தொழிற்சாலையை விட்டுப் போனபோது இருந்த எஞ்சின் எண், நிறம், தேதி எல்லாம் எழுதிச் சான்றிதழ் தரும். அதை வாங்கி, காரில் இருக்கும் எண்களோடு ஒப்பிடுங்கள். பானெட்டைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். மூக்கில் அடிபட்டுத் திருத்திய கார்களில் கதவுப் பக்கம் இடைவெளி ஒரே அளவாக இருக்காது.

வாங்கினால் அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வருஷக்கணக்கில் நின்ற காரின் பிரேக் குழாய்களை நம்ப முடியாது. காரும் டிரெய்லரும் சேர்ந்து இரண்டே கால் டன் தாண்டாது. உங்கள் எஃப்-150 அதைப்போல் இரு மடங்கை மூச்சு வாங்காமல் இழுக்கும். நான் நண்பரின் காரை அப்படித்தான் கொண்டுவந்தேன், பின்கண்ணாடியில் அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டே.

விலை பேசுவதற்கு முன் அந்தப் பெரியவரிடம் நோட்டுப் புத்தகம் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இந்தக் காருக்குச் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. அக்கறையாக வைத்திருந்தவர் எப்போது அடித்தார், எப்போது கார்புரேட்டரைச் சமன் செய்தார் என்று எழுதி வைத்திருப்பார். அந்த நோட்டு இருந்தால், பெயின்ட் கொஞ்சம் மங்கியிருந்தாலும் அந்தக் காரை விடாதீர்கள்.